யாழ்ப்பாணத்திலிருந்து மலையருவிக்கு: நக்கிள்ஸ் பள்ளத்தாக்கில் நடந்து போக முழு வழிகாட்டி

எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் புதிதில்லை. கடல் தெரியும், கிணறு தெரியும், கீரிமலைக் கேணி தெரியும். ஓடுகிற தண்ணீரோடுதான் பழக்கம் குறைவு. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்று. அதுவும் மாரிக்கு ஓடி, கோடையில் வெறும் வாய்க்காலாகக் கிடக்கும். பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடுகிற நிலத்தில் ஆற்றுக்கு இடமேது? அதனால் மலைப்பக்கம் அருவி பார்க்கப் போகும் யாழ்ப்பாணத்தார் அட்டைக்கும் குளிருக்கும் பயந்து பையை நிரப்புகிறார்கள்; ஓடையை மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி நம்பி இறங்கிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் ஓடைக்குக் கூடுதல் இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

எங்கே போவது

மலை என்றதும் நுவரெலியா, எல்ல என்று வாய் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவருக்கு அவற்றைவிடக் கிட்ட இருப்பது மாத்தளைக்குக் கிழக்கே எழும்பி நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர். ஏ9 வீதியிலேயே மாத்தளை வந்துவிடும். கண்டி வரை போக வேண்டியதில்லை. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதன் மிக உயர்ந்த சிகரம் கொம்பானிய, 1,906 மீற்றர்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது சேர எல்ல (சிங்களத்தில் எல்ல என்றால் அருவி). பெரிய அருவி இல்லை, பத்து மீற்றர் அளவுதான். ஆனால் மரநிழலுக்குள் பள்ளத்தாக்கை நோக்கிப் படி இறங்கிப் போகிற பாதை, விழுகிற தண்ணீருக்குப் பின்னால் ஆள் நிற்கக்கூடிய கற்குகை என்று இரண்டும் சேர்ந்து அங்கே கிடைக்கின்றன. நடை குறைவு. முழங்கால் எப்படி, சப்பாத்து எப்படி, கூட வந்தவர் எப்படி என்று சோதித்துப் பார்க்க அது போதும். துவிலி எல்ல போன்ற உள்காட்டு அருவிகளுக்கு முழு நாளோ அதற்கு மேலோ வேண்டும், ஊர் வழிகாட்டி வேண்டும், வனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

இதில்தான் பலர் பிசகுகிறார்கள். யாழ்ப்பாணத்து மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான். நக்கிள்ஸ் அப்படியில்லை. மேற்குச் சரிவு வைகாசி தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் நனையும். கிழக்குச் சரிவு எங்களுக்குப் பெய்கிற அதே வடகீழ்ப் பருவத்தில், மார்கழி, தை என்று நனையும். சேர எல்ல ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டிய கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆடி மாதத்தில் போனால் கணவாய் வரை மூடுபனியும் தூறலும், கணவாய் தாண்டி இறங்கினால் காய்ந்த காற்றும் வெயிலும் இருக்கும். ஒரே வீதி, இரண்டு காலநிலை.

எனக்குப் பிடித்த காலம் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு வருகிற செப்டெம்பர். அருவியில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், பள்ளிக்கூட விடுமுறைக் கூட்டமும் இல்லை. மாசி கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரையும் நல்லது. சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் எல்லோரும் வெளிக்கிடுவார்கள். அந்த மாதத்தில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழை மலைக்கு வழமை, ஆகவே போனால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம்.

போவதற்கு முதல் வாரம்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிரு, செம்மஞ்சள் என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் இடத்தைவிட்டு வெளியேறு. மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டை, லக்கல பிரிவுகளின் பெயர் எந்த நிறத்தில் வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மஞ்சள்தானே என்று ஊர்க்காரர் இருக்கலாம், அவருக்கு வீடு அங்கே இருக்கிறது. உங்களுக்கு என்ன அவசரம்?

இன்னொன்று, யூடியூப்பில் பார்த்த பாதை இப்போதும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டில் எத்தனையோ சரிவுகளை இடித்து, வீதிகளையும் ஓடைகளையும் உருமாற்றிவிட்டது. எங்கே பாலம் இருக்கிறது, எங்கே பாதை மூடிக் கிடக்கிறது என்று மாத்தளையிலோ ரத்தோட்டையிலோ ஓட்டோக்காரரிடம் கேட்பதுதான் இன்றைய தகவல்.

போய்ச் சேர

இரவு கண்டி பஸ்ஸில் ஏறி, விடிய மாத்தளையில் இறங்குவது சுகம். ரயிலில் போனால் பொல்காவெலையில் மாறி, கண்டி போய், அங்கிருந்து மாத்தளைக்கு என்று ஒரே சுற்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பக்கம் போனால் தமிழில் கதைத்தே காலைச் சாப்பாட்டை முடிக்கலாம். அங்கிருந்து ரத்தோட்டைக்கு பஸ் உண்டு. அதற்கு மேல் இலுக்கும்புர, லக்கல பக்கம் போகிற பஸ் குறைவு, திரும்பி வருகிறது இன்னும் குறைவு. நாலைந்து பேர் என்றால் மாத்தளையிலிருந்தே வாகனம் பேசிவிடுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தே வான் பிடித்துப் போவதென்றால் சாரதியிடம் முதலே ஒரு கதை கதைக்க வேண்டும். முறிகண்டி தாண்டி நேரே ஓடும் வீதியில் கைபழகிய ஆள் ரிவர்ஸ்டன் வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அப்படித்தான். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். கேட்கக் கசக்கும், சொல்லுங்கள்.

வழியில் பிட்டவலப் பத்தனை வரும். வனத் திணைக்கள டிக்கெட் எடுத்து உள்ளே போகிற புல்வெளி. நேரம் இருந்தால் திரும்பும்போது பாருங்கள், போகும்போது இறங்கினால் காலை போய்விடும்.

பையில் என்ன

சப்பாத்து முக்கியம். பாட்டா செருப்பு ஈரக் கல்லில் காலைவிட்டு முதலில் போகும். அடி தேய்ந்த ஓட்டச் சப்பாத்தும் அப்படியே. புதுச் சப்பாத்தை வாங்கி அன்றைக்கே போடாமல் ஒரு வாரம் ரவுனுக்குப் போட்டு நடந்துவிட்டு எடுத்து வாருங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. கெதியில் காயக்கூடிய களிசானும், காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட நீளமான காலுறையும் போதும்.

குளிருக்கு மெல்லிய ஜக்கற் ஒன்று. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அதோடு காற்றும் நனைந்த உடுப்பும் சேர்ந்தால் கசூரினாக் கடற்கரையில் நாள் முழுக்கக் கிடந்து பழகிய பெடியன்களுக்கும் பல்லுக் கிட்டும். மாற்றுடுப்பையும் துவாயையும் பிளாஸ்ரிக் பைக்குள் கட்டி வையுங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், ஒரு விசில், சின்ன ரோர்ச், கைபேசிக்கு ஜிப் உள்ள உறை, உப்பு கொஞ்சம், பன்டேஜ். அவ்வளவு. புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வையுங்கள்.

சாப்பாட்டில் எங்களை யாரும் வெல்ல முடியாது. புழுக்கொடியல் நாலு துண்டை முறித்துப் பொக்கற்றில் போட்டால் ஏற்றம் முழுக்கச் சப்பிக்கொண்டு போகலாம், நசியாது, பழுதாகாது. எள்ளுருண்டையும் பனங்கட்டியும் களைத்த நேரத்துக்கு. மத்தியானத்துக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டுங்கள். புட்டும் தேங்காய்ச் சம்பலும் என்று ஆசைப்பட்டு இரவே கட்டினால், மறுநாள் மத்தியானம் திறக்கும்போது புளித்திருக்கும். சுற்றிய இலையையும் பேப்பரையும் உட்பட எல்லாவற்றையும் பையோடு திருப்பிக் கொண்டுவருவது உங்கள் வேலை.

நடை

சேர எல்லப் பக்கம் பாதை இறக்கத்தில் தொடங்குகிறது. அருவிக்குப் போகிற பாதைகள் பல அப்படித்தான். களைப்பில்லாத காலையில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். இறங்க அரை மணி எடுத்தால் ஏற ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு கூடுகிறது. நிழலான பள்ளத்தாக்கில் வெளிச்சமும் நாலரை மணிக்கே மங்கிவிடும். எட்டு மணிக்குள் இறங்கத் தொடங்கி, என்ன நடந்தாலும் இரண்டு மணிக்கு அருவியைவிட்டுத் திரும்புவது என்று முதலே பேசி வையுங்கள்.

நிழல் சுகம்தான். யாழ்ப்பாணத்து வெயிலில் வெந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே நிழலில் கல் காய்வதே இல்லை. வெளிறி, சொரசொரப்பாகத் தெரிகிற கல்லில் காலை நம்பி வைக்கலாம். பச்சைப் பாசி பிடித்தது கண்ணுக்குத் தெரிவதால் ஆள் தானே கவனமாவார். பயப்பட வேண்டியது கறுப்பாக, மெல்லிய பளபளப்போடு, வெறும் ஈரம் போலத் தெரிகிற கல்லுக்கு. கேணியின் தண்ணீருக்குள் இருக்கும் கடைசிப் படி மாதிரி வழுக்கும். பாதைக்குக் குறுக்கே கிடக்கும் மரவேரும் அப்படியே, அதை மிதிக்காமல் தாண்டி அடுத்த பக்கத்து மண்ணில் காலை வையுங்கள். குதிக்காலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒரேயடியாக, சின்னச் சின்ன அடியாக வைத்தால் சறுக்கினாலும் விழாமல் பிடிக்கலாம். செங்குத்தான படியில் முகத்தைச் சரிவுப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவது போலக் கையும் காலுமாக இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அட்டை பற்றி: கடிக்கும். சருகுக்குள் இருந்து எழும்பி, நூல் தடிப்பில் நீண்டு ஆடும். சப்பாத்துக் கயிறு கோக்கிற ஓட்டைக்குள்ளால் தலையை நுழைத்து உள்ளே போவதைக் குனிந்து பார்த்தால் சிரிப்புக்கூட வரும். கடித்தபின் பிடித்து இழுக்க வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கத்தைப் பக்கவாட்டில் சுரண்டினால் விட்டுவிடும். காலுறைக்கு மேல் சவர்க்காரமோ சித்தாலேப்பவோ தேய்த்தால் ஓரளவு ஒதுங்கும். கொஞ்ச நேரம் இரத்தம் நிற்காமல் கசிவது அட்டை விடுகிற சுரப்பால், பயப்பட ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் நிற்காமல் நடந்தால் பாதி அட்டை குறையும்.

கல்லிடுக்கிலும் சருகிலும் பார்க்காமல் கை வைக்கக் கூடாது, குழிவிரியன் இருக்கலாம். குளவிக்கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் சுற்றிப் போங்கள்.

ஓடையை வாசிப்பது

ஓடைக்கரைக்கு வந்ததும் படம் எடுக்க முதல் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தண்ணீர் விளிம்பில் இருக்கும் ஒரு கல்லைத் தெரிந்தெடுத்து, ஈரம் எதுவரை, காய்ந்த நிறம் எதிலிருந்து என்று எல்லோருக்கும் காட்டுங்கள். அல்லது விளிம்பில் ஒரு தடியைக் குத்தி வையுங்கள். நாள் முழுக்க உங்கள் அளவுகோல் அதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது அதைப் பார்க்க வேண்டும். அந்த வேலையைக் கூட்டத்தில் நிதானமான ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். எல்லோரும் பார்ப்போம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இது ஏன் என்றால், நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டலாம். பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் விழுகிற அவ்வளவு தண்ணீரும் வந்து சேர்வது இந்த ஒடுங்கிய வாய்க்குத்தான். எங்கள் ஊரில் வெள்ளம் தரவையில் பரவி, மெல்ல மெல்ல ஏறும். இங்கே பரவ இடமில்லை, நேரே உயரும், நிமிடக்கணக்கில். வருமுன் அடையாளம் காட்டும். தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் திடீரென்று கூட மிதந்து வரும். அருவியின் சத்தம் தடிக்கும், அல்லது மேலிருந்து வேறொரு இரைச்சல் கேட்கும். உங்கள் கல்லின் காய்ந்த விளிம்பு மறையும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்கவும் நிற்காமல் பக்கச் சரிவில் மேலே ஏறுங்கள். ஓடை வழியே கீழே ஓடக்கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கமே உயரமான இடத்தில் இருங்கள். சின்ன ஓடை ஏறிய மாதிரியே மழை விட்டதும் சில மணி நேரத்தில் வற்றிவிடும். பசியோடு இருட்டில் இருப்பது சாவைவிட மேல்.

கடக்க வேண்டியிருந்தால் முழங்காலுக்கு மேலே வருகிற ஓட்டத்தில் கால் வைக்க வேண்டாம். ஒடுங்கிய இடம் கிட்டவாகத் தெரியும், ஆனால் அங்கேதான் ஆழமும் இழுவையும். அகன்று, சலசலவென்று ஓடுகிற இடத்தில் கடவுங்கள். பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றி விடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். தண்ணீர் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி, தடியை முன்னே ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலையோ தடியையோ மட்டும் நகர்த்துங்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். அருவியின் தலைப்பில், விழுகிற விளிம்புக்குக் கிட்ட, எவ்வளவு ஆழமில்லாமல் இருந்தாலும் கடக்கக் கூடாது.

அருவியடியில்

ஊரவர் யாராவது இருந்தால் கேளுங்கள். ரத்தோட்டை தாண்டினால் சிங்களம்தான் உதவும், மூன்று கேள்வி போதும். ‘நான்ன புளுவன்த?’ என்றால் குளிக்கலாமா, ‘வத்துர வெடித?’ என்றால் தண்ணீர் கூடவா, ‘உட வஹினவத?’ என்றால் மேலே மழை பெய்கிறதா. ‘எப்பா’ என்று பதில் வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அதோடு கதை முடிந்தது.

கடலில் நீந்துகிறவர்தான் இங்கே கூட ஏமாறுவார். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும், நன்னீர் அந்தளவு தூக்காது. அருவி விழுகிற இடத்தில் நுரைத்து, காற்றுக் கலந்து வெள்ளையாகத் தெரிகிற தண்ணீர் இன்னும் குறைவாகத்தான் தூக்கும். அதோடு மேலிருந்து விழும் தண்ணீர் அடிக்குப் போய்த் திரும்பி எழும்பும்போது, மேற்பரப்பில் ஓட்டம் அருவிப் பக்கமாகவே இழுக்கும். நன்றாக நீந்துகிறவரும் அதற்குள் களைத்துப் போவார். ஆகவே வெள்ளைத் தண்ணீருக்குக் கிட்டப் போக வேண்டாம். அடி தெரிகிற, நெஞ்சுக்குக் கீழே நிற்கிற விளிம்பில் குளியுங்கள். மேலிருந்து பாய வேண்டாம். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாரி உருட்டி வந்த கல் கிடக்கலாம். ரத்தோட்டைக்கு மேலே இருக்கிற பம்பரகிரி எல்ல பார்க்கச் சின்னதாக, சாதுவாக இருக்கும். அங்கே தொங்குபாலத்தில் நின்று பார்ப்பதோடு விடுங்கள்.

சாராயப் போத்தலோடு வருகிறவர் கூட்டத்தில் இருந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று நான் முதலே சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள், கூட்டம் பாதியாகும், பயணம் நன்றாக இருக்கும்.

சேர எல்லக் குகைக்குள் போகும்போது தரை முழுக்க ஈரம். ஒருவர் பின் ஒருவராக, சுவர்ப் பக்கம் கை வைத்துப் போங்கள். உள்ளே நின்றால் தண்ணீர்த் திரைக்கு வெளியே பச்சை கலங்கித் தெரியும், பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே போக முதலே கைச்சைகை ஒன்றைப் பேசி வையுங்கள். தண்ணீர் கூடிய நாளில் குகையை விட்டுவிடுங்கள்.

ஏதாவது நடந்தால்

பள்ளத்துக்குள் கைபேசிக்குச் சிக்னல் நம்ப முடியாது. வீட்டில் ஒருவருக்கு எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் மாத்தளை திரும்புவோம் என்று மெசேஜ் போட்டுவிட்டு இறங்குங்கள். விபத்தென்றால் இருவர் அடிபட்டவரோடு இருக்க, இருவர் மேலே ஏறி 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் கதைக்கலாம். பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தியாவிலிருந்து வருகிற விஷமுறிவு மருந்து இங்கத்தைய சிறு குழிவிரியனின் நஞ்சுக்கு வேலை செய்யாது. அதற்காக வீட்டில் இருந்துவிடக் கூடாது, சிலருக்கு அந்த நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும், வைத்தியர் கண்காணிக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

வாகனத்தில் ஏற முதல் காலுறையை உள்ளே வெளியே திருப்பி உதறுங்கள், ஓர் அட்டையாவது இருக்கும். சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காய வையுங்கள். அட்டைக்கடி நாலைந்து நாள் அரிக்கும். சொறிந்து புண்ணாக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. காலில் கீறலோ அட்டைக்கடியோ இருக்க ஓடையில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வர இடமுண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலேயே அது பரவி உயிர் குடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்று தொடங்கும். அப்படி வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ‘இத்தனை நாளுக்கு முதல் மலையில் ஓடைக்குள் இறங்கினேன்’ என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.